மாத்ரேவை யார் பக்கத்தில் நிறுத்துவது?

(2026 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஒரு கேள்வி. சென்னை சூப்பர் கிங்ஸின் ஆயுஷ் மாத்ரே அடுத்த ரெய்னாவா? போன வருஷம் மே மாதத்திலிருந்து இந்தக் கேள்வி நம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடற்கரை மின்சார ரயிலில் கேட்கிறேன். கேம்ப் ரோடு டீக்கடையில் கேட்கிறேன். வீட்டில் என் அக்கா பேரனும் கேட்கிறான். சிலர் ரெய்னா என்கிறார்கள், சிலர் முரளி விஜய் என்கிறார்கள், இன்னும் சிலர் ஒரே தாவாகத் தாவி ஹைடன் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்பிடக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பழைய ஆட்டக்காரரைப் பக்கத்தில் நிறுத்தினால்தான் புதியவரின் உயரம் தெரியும். ஆனால் நாம் ஒரு ராத்திரி அடித்த ரன்னை எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம். அந்த ரன் எந்த மைதானத்தில் வந்தது, என்ன வேலைக்காக அவரை இறக்கினார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறோம். இன்று அதைத்தான் உங்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் பையனைப் பற்றி. மாத்ரே விராரைச் சேர்ந்தவர். மும்பை மேற்குப் பாதையில் வடக்கே தள்ளி இருக்கும் புறநகர் அது. அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்துப் பயிற்சிக்குப் போய் வந்த பிள்ளை. தாம்பரத்திலிருந்து கிட் பையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் பயிற்சிக்குப் போகிற தம்பிகளுக்கு இது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று நான் விளக்க வேண்டாம். 2024 டிசம்பர் 31 அன்று விஜய் ஹசாரே போட்டியில் நாகாலாந்துக்கு எதிராக 117 பந்தில் 181 அடித்தார். அப்போது அவருக்கு 17 வயது. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஐபிஎல் மெகா ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு முழங்கையில் அடிபட்ட பிறகு, அவருக்கு மாற்றாகத்தான் 2025 ஏப்ரலில் சென்னையின் மஞ்சள் சட்டை கிடைத்தது. ஏப்ரல் 20 அன்று வான்கடேயில் முதல் ஆட்டம், 15 பந்தில் 32. 2026 ஜனவரியில் ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் தொடங்கிய 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன்.

நம் கேள்வி பிறந்த ராத்திரி 2025 மே 3. பெங்களூரு சின்னசாமி மைதானம். பெங்களூரு அணி 213 அடித்துவிட்டது. ரொமாரியோ ஷெப்பர்ட் 14 பந்தில் ஐம்பது போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த சீசனில் நம் அணி விழுந்து கிடந்த லட்சணத்துக்கு, டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். நாலாவது ஓவரில் புவனேஷ்வர் குமார் பந்தில் 26 ரன் எடுத்தார் மாத்ரே. ஐந்து ஃபோர், ஒரு சிக்ஸ். புவனேஷ்வர் யார்? பையன் மழலையர் பள்ளிக்குப் போன காலத்திலேயே இந்திய அணிக்குப் பந்து வீசியவர். 48 பந்தில் 94. ஜடேஜாவோடு சேர்ந்து 114. பதினேழாவது ஓவரில் மாத்ரே அவுட் ஆனார், நாம் 2 ரன்னில் தோற்றோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் அணியின் ரசிகர்கள் உயிராக நினைக்கும் ஆட்டங்களில் பல, தோற்ற ஆட்டங்கள். 2014 மே 30, வான்கடே, இரண்டாவது தகுதிச் சுற்று. பஞ்சாப் 226. சேவாக் 122. பதிலுக்கு ரெய்னா 25 பந்தில் 87. பர்விந்தர் அவானாவின் ஒரே ஓவரில் 33 ரன் போயிற்று. பவர்பிளே முடியும்போது ஸ்கோர் 100. அடுத்த பந்திலேயே ஜார்ஜ் பெய்லி நேராக ஸ்டம்பில் எறிந்து ரெய்னாவை ரன் அவுட் ஆக்கினார். 24 ரன்னில் தோற்றோம். 2019 ஏப்ரலில் அதே சின்னசாமியில் தோனி 48 பந்தில் 84 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். 1 ரன்னில் தோற்றோம். அடுத்த மாதம் ஹைதராபாத் இறுதிப் போட்டியில் வாட்சன் முழங்கால் ரத்தத்தோடு 80 அடித்தார். அதுவும் 1 ரன். கோப்பை மும்பைக்குப் போனது.

மாத்ரேவின் 94 இந்த வரிசையில் வந்து உட்கார்ந்ததால்தான் அவரை நம் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டோம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் ஒரு வித்தியாசத்தை நாம் மறைத்துவிடக் கூடாது. அந்த 87-ஐ அடித்தபோது ரெய்னாவுக்குப் பின்னால் ஆறு முழு சீசன் இருந்தது. 2008-இல் 421 ரன், 2009-இல் 434, 2010-இல் 520. அப்படியே 2014 வரை ஏழு வருஷமும் ஒரு வருஷம்கூட 400-க்குக் கீழே இறங்கவில்லை. 2010 இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராக 35 பந்தில் 57 அடித்து அவுட் ஆகாமல் நின்றவர். ஷார்ட் பால் போட்டால் தடுமாறுவார் என்று எல்லா பவுலருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தே ஏழு வருஷம் மூன்றாவது இடத்தில் இறங்கினார். சென்னைக்காக ஐபிஎல்லில் 4,687 ரன். போன சீசன் மார்ச் மாதம் தோனி தாண்டும் வரை அதுதான் அணியின் உச்சம். ரெய்னா என்று நாம் சொல்லும்போது அந்த ஏழு வருஷத்தைச் சொல்கிறோம். அதன் பக்கத்தில் ஏழே ஆட்டம் ஆடிய பையனை நிறுத்துவது பையனுக்குத்தான் அநியாயம்.

அந்த ஏழு ஆட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 32, 30, 7, 94, 0, 43, 34. மொத்தம் 240. ஸ்ட்ரைக் ரேட் 189-ஐத் தொடுகிறது. பிரமாதம். இதில் நம் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் வந்தது எது? ஹைதராபாத்துக்கு எதிராக 19 பந்தில் எடுத்த அந்த 30, பஞ்சாபுக்கு எதிராக எடுத்த அந்த 7. அவ்வளவுதான். 94 வந்தது சின்னசாமியில். சின்ன மைதானம், மட்டைக்குப் பந்து ஓடி வரும். அர்ஷத் கான் ஓவரில் 28 ரன் எடுத்தது அகமதாபாத்தில். ராஜஸ்தானுக்கு எதிரான 43 டெல்லியில். அது சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய ஆட்டம். மே மாதப் போர்ப் பதற்றத்தால் இடம் மாறியது.

சேப்பாக்கத்தின் குணம் வேறு. அங்கே பந்து நின்று வரும். முன்காலைப் போட்டு வந்த வேகத்தில் தூக்கி அடிப்பவன் மிட் ஆஃபில் கேட்ச் கொடுத்துவிட்டு மட்டையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். சாயங்காலக் கடல் காற்று ஒரு பக்கத்து சிக்ஸரைப் பிடித்து இழுத்துவிடும். அங்கே அடிக்கத் தெரிந்தவர்கள் பொறுத்து அடிப்பவர்கள். ரெய்னா ஸ்பின்னரை லெக் பக்கம் ஒதுங்கி, எக்ஸ்ட்ரா கவர் தலைக்கு மேல் அனுப்புவாரே, அது அந்த ஆடுகளம் கற்றுக் கொடுத்த ஷாட் என்றே நினைக்கிறேன். 2013-இல் பஞ்சாபுக்கு எதிராக அங்கே 53 பந்தில் 100. ஆல்பி மோர்கலை நினைத்துப் பாருங்கள். 2012 ஏப்ரல் 12, பெங்களூரு வைத்த 206 என்ற இலக்கு, பத்தொன்பதாவது ஓவர், பந்து விராட் கோலி கையில். அந்த ஒரே ஓவரில் 28 ரன். மோர்கல் மொத்தம் ஆடியது ஏழே பந்து. அன்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் தொண்டை கட்டிப்போய்க் கடைசி தாம்பரம் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். மாத்ரேவை யார் பக்கத்திலாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முரளி விஜய் பக்கத்தில் நிறுத்துங்கள். இருவரும் தொடக்க ஆட்டக்காரர்கள். இருவருக்கும் கொடுத்த வேலை ஒன்றுதான்: பவர்பிளேயில் பெரிய அணியை முதலிலேயே அலற விடுவது. ரெய்னாவின் வேலை அதுவல்ல, விக்கெட் விழுந்த பிறகு வந்து ஓட்டத்தைக் குறையாமல் கொண்டுபோவது.

விஜய்க்கு நாம் செய்தது கொஞ்சமும் நியாயமில்லை என்று எனக்கு வெகுநாளாக மனத்தாங்கல் உண்டு. தோனியைத் தல என்கிறோம், ரெய்னாவைச் சின்ன தல என்கிறோம், சொந்த ஊர்ப் பிள்ளையின் பெயர் மட்டும் யார் வாயிலும் சீக்கிரம் வருவதில்லை. 2010 ஏப்ரல் 3, சேப்பாக்கம், ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127. பதினொரு சிக்ஸர். இரண்டு நாள் முன்புதான் அவருக்கு 26 வயது முடிந்திருந்தது. அணி 246 அடித்தது. அதுவரை ஐபிஎல்லில் எந்த அணியும் தொடாத எண்ணிக்கை. அன்று ஆடுகளம் மட்டைக்கு ஒத்துழைத்தது என்று ஒருவர் சொல்லலாம். ராஜஸ்தானும் 223 அடித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வருஷம் மே 28, அதே சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. விஜய் 52 பந்தில் 95. ஹஸ்ஸியோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 159. 58 ரன்னில் வென்று கோப்பை எடுத்தோம். அதற்கடுத்த வருஷம், 2012, டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்று, அதே சேப்பாக்கம், 58 பந்தில் 113. மூன்று வருஷம் தொடர்ந்து, சொந்த மைதானத்தில், அதில் இரண்டு வாழ்வா சாவா ஆட்டங்கள். தொடக்க ஆட்டக்காரனுக்கு மஞ்சள் சட்டையில் இதைவிட உயர்ந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மாத்ரே தொட வேண்டியது இதை. இன்னும் தொடவில்லை. தொட முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. 17 வயதில் விஜய் எங்கே, ரெய்னா எங்கே? முதல் ஐபிஎல் சீசனில் ரெய்னாவுக்கே 21 வயது. அந்தக் கணக்கில் பையன் முன்னால் ஓடுகிறார்.

காலத்தையும் சேர்த்து எடை போட வேண்டும். இன்று ஒரு தொடக்க ஆட்டக்காரர் முதல் பந்திலேயே மட்டையை வீசுகிறார் என்றால், அவருக்குப் பின்னால் ஒரு பேட்டர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார். 2023-இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி கொடுத்த தைரியம் அது. விஜய்க்கும் ஹைடனுக்கும் அது இல்லை. ஹைடன் 2010-இல் மங்கூஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் 43 பந்தில் 93 அடித்தபோது நாடே வாய் பிளந்தது. இன்று அந்த வேகத்தை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறோம். 2024-இல் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது. ஆகவே 189 என்ற ஸ்ட்ரைக் ரேட்டை 2010-க்குத் தூக்கிக்கொண்டு போய், பார்த்தாயா விஜயை விடப் பெரியவன் என்று வாதாடுவது வெறும் கணக்கு விளையாட்டு.

நம் ஊரில் இந்த ஒப்பீட்டு வியாதி ஐபிஎல்லோடு பிறந்ததும் இல்லை. என் வயதுக்காரர்களுக்கு வி.பி. சந்திரசேகர் நினைவிருக்கும். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அணியிலேயே அதிகமாக 38 அடித்த பிறகு, சென்னையில் தொடக்க ஆட்டக்காரர் என்றாலே அவர்தான் அளவு. 1988-89 சீசனில், ரஞ்சி சாம்பியனான தமிழ்நாடு இரானி கோப்பையில் ஆடியது. அதில் வி.பி. 56 பந்தில் சதம் அடித்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. உடனே, இதோ அடுத்த ஸ்ரீகாந்த் என்று ஆரம்பித்தோம். அதே ஊர், அதே இடம், அதே தூக்கி அடிக்கும் ஆட்டம். இந்தியாவுக்காக அவர் ஆடியது ஏழு ஒருநாள் ஆட்டங்கள், அதில் ஒரு ஐம்பது. அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு முறை அவுட் ஆனபோதும், ஸ்ரீகாந்தாக இருந்தால் என்று ஒரு வாக்கியம் அவரைத் துரத்தியது. அந்த வாக்கியத்தைச் சொன்ன வாய்களில் என் தெருக்காரர்களின் வாயும் உண்டு.

ஆனால் அந்த மனிதர் செய்த காரியத்தைப் பாருங்கள். 2008-இல் முதல் ஐபிஎல் ஏலம். சென்னை அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர் வி.பி. தோனியைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். 15 லட்சம் டாலர், அந்த ஏலத்திலேயே மிக உயர்ந்த விலை. நாம் இன்று விசில் அடித்துக் கொண்டாடும் எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அவர் காலமானார். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சேப்பாக்கம் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இந்தச் சுமை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் என்று ஒரு அணி. பேப் ரூத்தின் சட்டை எண் 3, லூ கெரிக் 4, ஜோ டிமாஜியோ 5. 1951-இல் மிக்கி மேன்டில் என்ற 19 வயதுப் பையன் வந்தான். நம்முடைய சிக்ஸரைப் போல அவர்களுக்கு ஹோம் ரன். அதை மலை தாண்ட அடிப்பவன். அவன் முதுகில் 6 என்ற எண்ணை ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த மகான் நீதான் என்று அதற்கு அர்த்தம். சில மாதத்தில் பந்து படாமல் தவித்தான், கான்சஸ் சிட்டியில் இருந்த கீழ்நிலை அணிக்கு இறக்கினார்கள். ஆட்டத்தையே விட்டுவிடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னான். சுரங்கத் தொழிலாளியான அந்த அப்பா, அப்படியானால் பெட்டியைக் கட்டு, என்னோடு சுரங்க வேலைக்கு வா என்று சொன்னார். பையன் தங்கினான். திரும்பி வந்தபோது முதுகில் இருந்த எண் 7. 1956-இல் ஒரே சீசனில் 52 ஹோம் ரன். மொத்தம் 536. அப்படிப்பட்டவரையே, டிமாஜியோ போல இல்லை என்று சொந்த ஊர் ரசிகர்கள் வருஷக்கணக்கில் கூச்சல் போட்டு விரட்டினார்கள்.

மேன்டில் பிழைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் இயன் கிரெய்க் பிழைக்கவில்லை. 17 வயதில் இரட்டைச் சதம், 17 வயதில் டெஸ்ட், உடனே அடுத்த பிராட்மன் என்று பட்டம், 22 வயதில் நாட்டுக்கே கேப்டன். ஆடியது 11 டெஸ்ட், சராசரி 20-ஐத் தொடவில்லை.

நாமும் இதையேதான் செய்கிறோம். போன டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் நம் அணி கார்த்திக் சர்மா என்ற 19 வயது விக்கெட் கீப்பரை 14 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கியது. பிரசாந்த் வீர் என்ற இன்னொரு வீரருக்கும் அதே விலை. இந்திய அணிக்கு ஆடாத வீரர்களுக்கு இதுவரை ஐபிஎல்லில் யாரும் கொடுக்காத தொகை. கார்த்திக் கீப்பர், நீளமான சிக்ஸர் அடிப்பார். வேறென்ன வேண்டும் நமக்கு? மஞ்சள் சட்டையில் ஒரு பந்துகூட ஆடுவதற்கு முன்பே, அடுத்த தோனி என்று பேச ஆரம்பித்துவிட்டோம். தோனி இன்னும் அதே அறையில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையனின் தூக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நம் அணியின் தென்னாப்பிரிக்க வீரர் பிரெவிஸ் விஷயத்தில் எனக்குக் கவலை குறைவு. அவர் இந்தச் சோதனையை ஏற்கெனவே தாண்டி வந்தவர். 2022 ஜூனியர் உலகக் கோப்பையில் 506 ரன் அடித்து ஷிகர் தவானின் 505-ஐத் தாண்டியபோதே அவரைப் பேபி ஏபி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏபி டி வில்லியர்ஸின் நிழலில் சில வருஷம் தேங்கினார், மும்பை அணியில் பெஞ்சில் உட்கார்ந்தார். நம்மிடம் வந்து ஆறு ஆட்டத்தில் 225. ஈடன் கார்டனில் வைபவ் அரோராவின் ஒரே ஓவரில் 30. அதன் பிறகு ஆகஸ்டில் டார்வினில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 56 பந்தில் 125, அவுட் ஆகாமல். டி20 சர்வதேச ஆட்டங்களில் தென்னாப்பிரிக்கர் ஒருவரின் அதிகபட்சம் அது. இனி அவரை அவர் பெயராலேயே கூப்பிடலாம். சேப்பாக்கத்தில் 42, 32 என்று இரண்டு முறை இறங்கினார். இரண்டும் கஷ்டமான ராத்திரிகள், இரண்டு ஆட்டமும் தோற்றோம். ஆனால் பந்து நின்று வந்தபோது அவர் காத்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த 42, ஈடன் கார்டனில் அடித்த 52-ஐ விடப் பெரியது.

2025-இல் சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம் ஆடி ஒன்றில்தான் வென்றோம். 2008-க்குப் பிறகு முதல் முறையாக பெங்களூரு அங்கே நம்மை ஜெயித்தது. ஹைதராபாத் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக அங்கே நம்மை ஜெயித்தது. பத்து அணியில் பத்தாவது இடம். இந்த வலியில்தான் நாம் பழைய பெயர்களைப் புதுப் பிள்ளைகள் மீது மாட்டுகிறோம் என்று எனக்குப் படுகிறது. நமக்கு ரெய்னா வேண்டும், இப்போதே வேண்டும். அதனால் கிடைத்த பையனுக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிடுகிறோம்.

இன்னும் சில வாரத்தில் சீசன் வந்துவிடும். இங்கிருந்து பலர் டிக்கெட் வாங்கிக்கொண்டு சேப்பாக்கம் போவீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மாத்ரே அங்கே முதல் நாலு ஆட்டத்தில் ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆகலாம். அந்த ஆடுகளம் 18 வயதுப் பையனை அப்படித்தான் வரவேற்கும். அப்போது கேலரியிலிருந்து ரெய்னா பெயரையோ விஜய் பெயரையோ கத்தாதீர்கள். பெவிலியன் படி ஏறும் வரை அந்தப் பையனுக்குக் கை தட்டுங்கள். ஒப்பிடும் வேலையை 2030-க்குத் தள்ளி வையுங்கள். அப்போது அவருக்கு 23 வயது நடந்துகொண்டிருக்கும். கணக்குப் போட நம்மிடமும் நாலைந்து சீசன் இருக்கும்.